பொங்கல் அன்னிக்கு பாலைவனத்தில்… டக்கார் ராலியைக் கண்டுபிடித்த தியரி சபீனின் கதை!

பொங்கல் லீவு விட்டா திருப்பூர் எப்படி இருக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஓவர்லாக் மெஷின் சத்தம் நின்னுடும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மதுரை, திருநெல்வேலி, தேனி பஸ்களில் நிற்க இடமிருக்காது. ரெண்டு நாள்ல பனியன் கம்பெனி தெருக்கள் எல்லாம் வெறிச்சோடிப் போயிடும். ஊருக்குப் போகாம ரூம்லயே தங்கிட்ட பசங்களுக்குத் துணை, கையில இருக்கிற போன்தான்.

அந்த ஜனவரி நாள்களில் ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போனா, மணல்மேட்டில் இருந்து பறக்கிற பைக், குப்புற விழுந்து மறுபடி எழுந்து ஓடுற கார், வீடு மாதிரி உயரமான லாரி எல்லாம் கண்ணில் படும். அதுதான் டக்கார் ராலி. உலகத்தின் கஷ்டமான மோட்டார் பந்தயம்னு பேரெடுத்தது.

இந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர் ஒரு ஃபிரெஞ்சுக்காரர். பேர் தியரி சபீன். அவர் உயிர் போனதும் ஒரு பொங்கல் நாளில்தான். 1986, ஜனவரி 14. அப்போ அவருக்கு வயசு 36.

அவர் வாழ்க்கையைப் படிச்சா ஒரு கேள்வி கூடவே வரும். எவ்வளவு பெரிய எஞ்சின் வரை அனுமதிக்கலாம்? சின்ன ஆளுக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரே மணலில் போட்டி வெச்சா, நியாயம் எங்கே இருக்கு? ஜாப் ஒர்க் யூனிட்டும் எக்ஸ்போர்ட் கம்பெனியும் ஒரே தெருவில் தொழில் பண்ணுற ஊர்க்காரங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை.

பல் டாக்டர் வீட்டுப் பையன்

1949, ஜூன் 13. பாரிஸை ஒட்டிய நூய்லி என்ற ஊரில் பிறந்தார் சபீன். அப்பா கில்பர்ட் சபீன், பல் மருத்துவர். வசதியான குடும்பம். பையனுக்குச் சின்ன வயசில் குதிரைச் சவாரி மேல ஆசை. வளர்ந்ததும் அந்த ஆசை எஞ்சின் பக்கம் திரும்பிடுச்சு. கார் ராலிகளில் ஓட்டினார். லே மான் 24 மணி நேர ரேஸிலும் கலந்துக்கிட்டார். ஆனா சாம்பியன் ஆகுற அளவுக்குப் போகலை.

அவருடைய உண்மையான திறமை வேற. கூட்டத்தைச் சேர்ப்பது. ஒரு விஷயத்தை ஊரே பேசுற மாதிரி ஆக்குவது.

பிரான்ஸின் வடக்குக் கடலோரத்தில் லே டூக்கே என்று ஒரு சுற்றுலா ஊர் இருக்கு. வெயில் காலத்தில் கூட்டம் அள்ளும். குளிர்காலத்தில் ஈ ஓட்டும். அங்கே விளம்பர வேலையில் இருந்த சபீன், ஒரு அமெரிக்க மோட்டார் சைக்கிள் டாகுமென்டரி பார்த்துட்டு ஒரு ஐடியா பிடிச்சார். காலியா கிடக்கிற கடற்கரையிலும் மணல்மேடுகளிலும் பைக் ரேஸ் விட்டா என்ன?

1975 பிப்ரவரியில் முதல் போட்டி நடந்தது. பேர் பெற்ற ரைடர்களும், வார நாள்ல ஆபீஸுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை பைக் ஓட்டுறவங்களும் ஒரே கோட்டில் நின்னு ஒண்ணா கிளம்பினாங்க. கூட்டம் குவிந்தது. பெரிய வீரனும் சாதாரண ஆளும் ஒரே மணலில் என்ற அந்த ஃபார்முலாவை சபீன் கடைசி வரைக்கும் விடவே இல்லை.

தொலைந்து போன ராத்திரிகள்

1977 ஜனவரி. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் இருக்கிற அபிஜானில் கிளம்பி, பிரான்ஸின் நீஸ் வரைக்கும் போற ஒரு ராலி. ஜான் க்ளோட் பெர்ட்ராண்ட் என்பவர் நடத்தினார். சபீன் அதில் யமஹா எக்ஸ்டி 500 பைக்கில் கலந்துக்கிட்டார். 499 சிசி, ஒரே சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். நம்ம ஊர் புல்லட் மாதிரி எளிமையான அமைப்புன்னு வெச்சுக்கலாம்.

லிபியா பாலைவனப் பகுதியில் வழி தப்பிடுச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணலும் கல்லும்தான். தண்ணீர் இல்லை. பகலில் சுடும் வெயில், ராத்திரியில் நடுங்க வைக்கும் குளிர். நாள்கணக்கில் தனியாகக் கிடந்தார். பிழைப்போம்னு நம்பிக்கை போன நேரத்தில், தேடி வந்த விமானம் அவரைக் கண்டுபிடிச்சது.

அப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு வேற யாரா இருந்தாலும் பாலைவனம் பக்கம் தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டாங்க. சபீன் பாரிஸுக்குத் திரும்பியதும் மேப்பை விரிச்சு உட்கார்ந்தார். பாரிஸில் ஆரம்பிச்சு, கடலைத் தாண்டி, சஹாராவைக் கடந்து, செனகல் நாட்டின் டக்கார் கடற்கரையில் முடியுற மாதிரி ஒரு கோடு போட்டார். சுமார் 10,000 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரு தடவை போய் வந்தாலும் தீராத தூரம்.

250 சிசியிடம் தோற்ற ரேஞ்ச் ரோவர்

1978, டிசம்பர் 26. பாரிஸில் ஈஃபில் டவருக்கு எதிரே இருக்கிற ட்ரோக்கடேரோ மைதானம். 182 வண்டிகள் கிளம்பின. பைக், கார், லாரி எல்லாம் கலந்து. வந்தவங்களில் பெரும்பாலானோர் சொந்தக் காசைப் போட்ட சாதாரண ஆளுங்க. வழி அல்ஜீரியா, நைஜர், மாலி, அன்றைய அப்பர் வோல்டா, செனகல்.

இப்போ நினைச்சா ஆச்சர்யமா இருக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. அந்த முதல் வருஷம் பைக்குக்குத் தனி, காருக்குத் தனி என்று பிரிவே கிடையாது. எல்லாருக்கும் ஒரே ரேங்க் லிஸ்ட். எஞ்சின் சைஸ் பற்றி யாருக்கும் பெரிய கவலையும் இல்லை.

1979, ஜனவரி 14 அன்று டக்காருக்கு வந்து சேர்ந்தவை 74 வண்டிகள்தான். முதல் இடம் சிரில் நெவு என்ற இளைஞர். வண்டி, சபீன் தொலைந்து போனப்போ ஓட்டிய அதே எக்ஸ்டி 500 மாடல். இரண்டாவதும் எக்ஸ்டி 500. மூணாவது இடத்தைப் பிடிச்சது ஒரு ஹோண்டா, அதுவும் வெறும் 250 சிசி. அதுக்கு அப்புறம்தான் நாலாவதா ரேஞ்ச் ரோவர் வந்தது. 3,500 சிசிக்கும் மேல, எட்டு சிலிண்டர். அஞ்சாவது யார் தெரியுமா? மாரோ சகோதரர்களின் ரெனோ 4. பிரான்ஸில் விவசாயிங்க சந்தைக்கு ஓட்டிப் போற குட்டிக் கார் அது.

எஞ்சின் எவ்வளவு பெரிசோ அவ்வளவு எடை. எடை கூடினா மணலில் புதையும். பெட்ரோலையும் அதிகம் குடிக்கும், அந்தப் பெட்ரோலையும் சுமந்துக்கிட்டே போகணும். அதனாலதான் முதல் வருஷம் சின்ன வண்டிங்க ஜெயிச்சது. பத்து மெஷின் போட்ட பவர்டேபிள் யூனிட், அவசர ஆர்டரை பெரிய கம்பெனிக்கு முன்னாடி முடிச்சுக் கொடுக்கிற மாதிரி.

அந்த முதல் ராலியிலேயே ஒரு பைக் ரைடர் உயிரிழந்தார் என்பதையும் சொல்லியாகணும். ஆரம்பத்தில் இருந்தே இந்தப் பந்தயத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கமும் உண்டு.

பெரிய கம்பெனிகள் வந்தாச்சு

அடுத்த வருஷமே பைக், கார், லாரி என்று தனித்தனி ரேங்க் வந்துடுச்சு. பேர் பரவினதும் கம்பெனிகள் நேரடியா இறங்கின. 1981-ல் பிஎம்டபிள்யூவின் ரெட்டை சிலிண்டர் பைக்கில் ஹூபர்ட் ஓரியோல் ஜெயிச்சார். 1984, 1985 ரெண்டு வருஷமும் பெல்ஜியத்தின் காஸ்டன் ராஹியே. ஆள் குள்ளம். அவர் ஓட்டின பிஎம்டபிள்யூவோ கிட்டத்தட்ட 1,000 சிசி ராட்சசன். சீட்டில் உட்கார்ந்தா காலு தரையில் எட்டாது. அப்படியும் ஜெயிச்சார்.

கார் பக்கமும் அதே கதை. 1983-ல் மெர்சிடஸில் ஜாக்கி இக்ஸ். 1984-ல் போர்ஷே, ஓட்டியவர் ரெனே மெட்ஜ். 1986-ல் நானூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின.

வெள்ளை உடுப்பு, தாடி, தலைக்கு மேல ஹெலிகாப்டர். சபீனே ஒரு பிராண்ட் மாதிரி ஆகிட்டார். ஆனா ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து நடத்துற ஆள் இல்லை அவர். ராத்திரி கேம்ப்பில் மறுநாள் பாதையை அவரே விளக்குவார். வழி தப்பினவங்களை ஹெலிகாப்டரில் ஏறி அவரே தேடுவார். 1982-ல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க், அல்ஜீரியப் பாலைவனத்தில் ஆறு நாள் காணாம போனார். உலகமே பதறிச்சு. கடைசியில் உயிரோட கிடைச்சார். 1983-ல் டெனேரே பாலைவனத்தில் மணல் புயல் அடிச்சப்போ, டஜன் கணக்கில் போட்டியாளர்கள் வழி தெரியாமல் சிதறிப்போனாங்க.

விமர்சனமும் கூடிக்கிட்டே வந்தது. வறுமையில் இருக்கிற கிராமங்களுக்கு நடுவுல கோடிக்கணக்கில் செலவு பண்ணிப் புழுதி கிளப்பிட்டுப் போறீங்களேன்னு கேள்வி எழுந்தது. வழியோரம் நின்ன உள்ளூர் மக்களும் விபத்துகளில் பலியானாங்க. சொந்தக் காசில் வர்ற அமெச்சூர், பத்து மெக்கானிக்கோட வர்ற ஃபேக்டரி டீமுக்கு எதிரா என்ன பண்ணுவான் என்ற கேள்வியும் சேர்ந்தது. அவர் ஆசைப்பட்ட ஒரே கோடு, ஒரே மணல் என்ற அமைப்பு, அவர் கண் முன்னாலேயே ரெண்டா பிரிய ஆரம்பிச்சது.

அந்தக் கடைசி சாயங்காலம்

1986 ராலியில் ஃபிரான்ஸின் பிரபல பாடகர் டேனியல் பலவ்வான் கூட வந்திருந்தார். ஏற்கெனவே போட்டியாளரா கலந்துக்கிட்டவர்தான். இந்த முறை வந்தது ரேஸ் ஓட்ட இல்லை. ஆப்பிரிக்க கிராமங்களுக்குத் தண்ணீர் பம்புகள் கொண்டு சேர்க்கிற வேலைக்காக.

ஜனவரி 14 சாயங்காலம். மாலி நாடு, நைஜர் ஆற்றுப் பக்கம் கூர்மா ராரூஸ் பகுதி. இருட்டு விழுந்துடுச்சு. மணல் காற்று. சபீன் போன ஹெலிகாப்டர் ஒரு மணல்மேட்டில் மோதி நொறுங்கியது. சபீன், பலவ்வான், ஒரு பெண் பத்திரிகையாளர், ஒரு ரேடியோ டெக்னீஷியன், பைலட். அஞ்சு பேரில் யாரும் பிழைக்கலை.

ராலி நிற்கலை. டக்கார் வரைக்கும் போய் முடிஞ்சது. சபீனின் அஸ்தி டெனேரே பாலைவனத்தில் தூவப்பட்டது. அங்கே தனியா நிற்கிற ஒரு மரத்துக்கு அவர் பேரையே வெச்சாங்க. மகன் விட்ட வேலையை அப்பா கில்பர்ட் எடுத்துக்கிட்டார். பல் டாக்டரா இருந்தவர், அடுத்த சில வருஷம் உலகத்தின் பெரிய பாலைவன ராலியை நடத்தினார். மகனைக் கொண்டுபோன அதே மணலில் அவர் எப்படி நின்னிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு சின்ன ஓட்டை பண்ணுற வேலை

சபீன் போன பிறகு எஞ்சின் கேள்வி இன்னும் பெரிசாச்சு. அதே 1986-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் நடந்த பயங்கர விபத்துகளால், குரூப் பி என்ற அசுர வேகக் கார்களுக்குத் தடை விழுந்தது. வேலையில்லாம போன அந்த ரகக் காரை பெஜோ கம்பெனி அடுத்த ஜனவரியில் பாலைவனத்துக்குக் கொண்டு வந்தது. 1987-ல் இருந்து 1990 வரை நாலு வருஷமும் பெஜோவுக்கே கோப்பை.

வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துறது? ஒரு வழி, எஞ்சின் சைஸுக்கு உச்சவரம்பு. சிசி என்பது பிஸ்டன் மேலயும் கீழயும் போற இடத்தோட கொள்ளளவு. இத்தனை சிசிக்கு மேல கூடாதுன்னா முடிஞ்சது. ஆனா ஒருத்தர் டீசல் டர்போ, இன்னொருத்தர் பெட்ரோல் வி8 என்று வந்தா சிசியை மட்டும் வெச்சு சமன் பண்ண முடியாது.

அங்கேதான் ஏர் ரெஸ்ட்ரிக்டர் வருது. இளநீரை நினைச்சுக்கோங்க. நீங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும், ஸ்ட்ராவோட ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் உறிஞ்ச முடியும். எஞ்சினும் அப்படித்தான். பெட்ரோல் எரியணும்னா காற்று வேணும். காற்று போற வழியில் குறிப்பிட்ட அளவு ஓட்டையுள்ள ஒரு உலோக வளையத்தை மாட்டிட்டா, அந்த இடத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதுக்கு மேல காற்று அளவு கூடாது. டர்போ எவ்வளவு இழுத்தாலும் சரி. பவர் அங்கேயே நின்னுடும்.

ஒரு மில்லிமீட்டர் என்ன பண்ணும்னு கேட்கலாம். 2017 டக்காருக்கு பெஜோ டீசல் கார்களின் ரெஸ்ட்ரிக்டரை 39 மில்லிமீட்டரில் இருந்து 38 ஆகக் குறைச்சாங்க. ஓட்டையின் பரப்பில் சுமார் 5 சதவீதம் போச்சு. குதிரைத் திறன் குறைஞ்சது. அப்படியும் பெஜோதான் முதல் மூணு இடத்தையும் பிடிச்சது. ஓட்டை சின்னதானாலும் ஓட்டுறவன் திறமை சின்னதாகாது.

இதில் ஏமாத்தினவங்களும் உண்டு. 1995-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் டொயோட்டா டீமின் காரை சோதிச்சப்போ, ரெஸ்ட்ரிக்டரைச் சுத்தி ரகசியமா காற்று நுழையுற மாதிரி ஒரு அமைப்பு மாட்டியிருந்தது தெரிஞ்சது. கழட்டிப் பார்த்தா தானா மூடிக்கிற அளவுக்கு நுணுக்கமான வேலை. அந்த வருஷப் புள்ளிகள் எல்லாம் பறிபோயின. ஒரு வருஷத் தடையும் விழுந்தது.

பைக் பக்கம் முடிவு இன்னும் கசப்பான காரணத்தால் வந்தது. பெரிய ரெட்டை சிலிண்டர் பைக்குகள் பாலைவனத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கின. 2005-ல் இத்தாலியின் ஃபாப்ரிசியோ மியோனியும், ஸ்பெயினின் ஒரு ரைடரும் அடுத்தடுத்த நாள்களில் இறந்தாங்க. மியோனி ரெண்டு தடவை டக்கார் ஜெயிச்சவர். அதுக்குப் பிறகு பெரிய எஞ்சின்களுக்குக் கதவு மெல்ல மெல்ல மூடியது. 2010-ல் 690 சிசி கேடிஎம் பைக்குகள் ரெஸ்ட்ரிக்டர் மாட்டிக்கிட்டு ஓடின. 2011-ல் இருந்து எல்லாருக்கும் 450 சிசிதான் உச்சவரம்பு.

சபீன் தொலைந்து போனப்போ ஓட்டியது 499 சிசி. முதல் டக்காரை ஜெயிச்சதும் அதே. ஆயிரம் சிசி வரைக்கும் போய், எத்தனையோ உயிர்களை இழந்து, அவர் ஆரம்பிச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழேயே வந்து நின்னிருக்கு பந்தயம்.

நம்ம பக்கத்துக் கதவு

இந்த 450 சிசி விதிக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. எஞ்சின் சின்னதானதால செலவு குறைஞ்சது, புதுக் கம்பெனிகளும் உள்ளே வர வழி கிடைச்சது. 2015-ல் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ் டக்காரை முடிச்ச முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் நம்ம ஓசூர் டிவிஎஸ், ஃபிரான்ஸின் ஷெர்கோவோட சேர்ந்து டீம் இறக்கியது. 2024-ல் அந்த டீமின் ஹரித் நோவா ராலி 2 பிரிவை ஜெயிச்சார். அதே ராலியில் ஹீரோ டீமின் ராஸ் பிராஞ்ச் மொத்தத்தில் இரண்டாவது இடம். எஞ்சின் வரம்பே இல்லாம போயிருந்தா இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

திருப்பூரில் இருந்து பைக் எடுத்தா, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன் பேரில் இருக்கிற டிராக் அது. எல்லாருக்கும் ஒரே மாருதி 800 எஞ்சின் என்று ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கி, வசதி குறைந்த பசங்களும் ரேஸ் ஓட்ட வழி பண்ணியவர் அவர். 1995-ல் விமான விபத்தில் போயிட்டார். சபீனும் கரியும் சந்திச்சாங்களான்னு தேட வேண்டியதில்லை. ரெண்டு பேருமே சாதாரண ஆளை ஸ்டார்ட் லைனுக்குக் கூட்டி வரணும்னு நினைச்சவங்க. கரி அதை ஒரே எஞ்சின் கொடுத்துச் செஞ்சார். சபீன் விதியே இல்லாம கதவைத் திறந்து விட்டார். அவர் போடாம விட்ட விதிகளை, அவருக்குப் பின்னால வந்தவங்க ஒவ்வொரு சாவுக்கும் பிறகு ஒவ்வொண்ணா எழுத வேண்டியிருந்தது.

பாதுகாப்புப் பிரச்னையால் 2008-ல் ராலி ரத்தானது. அடுத்த வருஷம் தென் அமெரிக்கா போனது. 2020-ல் இருந்து சவுதி அரேபியாவில் நடக்குது. டக்கார் நகரத்தைத் தொடாமலேயே டக்கார் என்ற பேரோட ஓடுது.

அடுத்த பொங்கல் லீவில், ஊர் அமைதியா இருக்கிற சாயங்காலம் உங்க போன்ல ஒரு டக்கார் வீடியோ வந்தா, முன்னால பறக்கிற வண்டியை விட்டுட்டு கடைசியா மணலில் சிக்கித் தள்ளிக்கிட்டு இருக்கிற ஆளைத் தேடிப் பாருங்க. சபீன் இந்த ராலியைத் தொடங்கினது அந்த ஆளுக்காகவும்தான்.